புரியாத பாட்டும் கைப்பிடி இல்லாத பெஞ்சும்

என் கணவர் இறந்த பிறகு, எனக்குப் புரிகிற மொழியில் ஒரு பாட்டையும் கேட்க முடியவில்லை. தமிழ்ப் பாட்டு என்றால் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிடுவேன். வங்காளப் பாட்டும் அப்படித்தான்; கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அதுவும் வீட்டு மொழிதானே. போகட்டும், பாட்டில்லாமல் யாரும் செத்துவிடவில்லை என்று விட்டுவிட்டேன்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஒருநாள் தன் இயர்போனை என் காதில் செருகினாள். ஏதோ கொரியப் பாட்டு.

"என்னடி சொல்றான் இவன்?"

"தெரியாதும்மா. எனக்கு முழுசா மனப்பாடம், அவ்ளோதான். அரே, அர்த்தம் எதுக்கு? சும்மா கேளேன்."

கேட்டேன். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. அப்பாடா என்றிருந்தது. அன்றிலிருந்து ஆபீஸ் போகிற வழியெல்லாம் கொரியன், ஸ்பானிஷ், இன்னும் என்னென்னவோ. எவன் எவளைப் பிரிந்தால் எனக்கென்ன? நான் அழவும் இல்லை. காரியம் நடந்த அன்றுகூட இல்லை. "கல்லு மாதிரி இருக்காளே" என்று நாத்தனார் சமையலறையில் சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொன்னாள்.

என் வேலை பஸ் ஸ்டாப்புகளுக்கு வரைபடம் போடுவது. கூரை எவ்வளவு நீள வேண்டும், சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், இந்த மாதிரி விஷயங்கள். அவர் இறந்ததும் ஒரு பஸ் ஸ்டாப்பில்தான். டாலிகஞ்சில், ஒரு மழைநாள் மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். அங்கே பெஞ்ச் இருந்தது. ஆனால் யாரும் படுத்துத் தூங்கிவிடக் கூடாதாம், அதனால் ஆளுக்கு ஆள் நடுவில் இரும்புக் கைப்பிடி. படுக்கவைக்க வழியில்லாமல் ஈரத் தரையில் கிடத்தியிருக்கிறார்கள். பெஞ்சில் படுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் டாக்டர் சொன்னார். அதனால் என்ன? வீட்டுக்கு வந்த சட்டையில் முதுகெல்லாம் சேறு.

சில மாதம் கழித்து, பெஹாலாவில் எங்கள் வீட்டுப் பக்கமே ஒரு ஸ்டாப் எங்கள் கைக்கு வந்தது. எங்கள் ஆபீஸில் எதையும் முதலில் பிளைவுட்டில் நிஜ அளவுக்குச் செய்து பார்ப்போம். டீயும் கையுமாக எல்லாரும் அதில் உட்கார்ந்து குறை சொல்வதுதான் மீட்டிங். நான் போட்ட பெஞ்சில் கைப்பிடி கிடையாது. முதலாளி, எங்கள் எல்லாருக்கும் தாதா, அதாவது அண்ணன், உட்கார்ந்து பார்த்துவிட்டு வங்காளத்தில் சொன்னார்.

"நடுவுல ரெண்டு கைப்பிடி போட்டுடு. இல்லேன்னா நாள் பூரா எவனாவது படுத்துக் கிடப்பான்."

"படுக்கட்டுமே தாதா."

"கட்டச் சொன்னவங்க ஒத்துக்க மாட்டாங்க."

வாதாட எனக்குத் தெம்பில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பிளைவுட்டின் மேல் நீட்டிப் படுத்துவிட்டேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டாலிகஞ்சில் நடந்தது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"எழுந்திரும்மா" என்றார் தாதா கடைசியில். "கைப்பிடி வேண்டாம். நான் பேசிக்கறேன்."

பேசினார், நடந்தது. எனக்குச் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. மறுபடி இயர்போனை மாட்டிக்கொண்டேன்.

கட்டி முடித்த பிறகு ஒருநாள் நல்ல வெயிலில் போய்ப் பார்த்தேன். பெஞ்ச் காலியாக இருந்தது. கைப்பையைத் தலைக்கு வைத்து, அவரைப் படுக்கவைத்திருக்க வேண்டிய மாதிரி மல்லாந்து படுத்தேன். காதில் அந்தக் கொரியப் பையன் யாரிடமோ எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தான். யாரோ தோளைத் தொட்டார்கள். பஸ்ஸுக்கு வந்த ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். இயர்போனைக் கழற்றினேன்.

"மாஷிமா, ஷொரீர் காராப்?"

சித்தி, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள், அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. படுத்தபடியே ஓவென்று அழுதேன், நடுரோடு என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் பஸ் வந்தது, போனது. என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கும் இடம் இருந்தது.