பூவுக்குள் பூஞ்சணம்

பலெர்மோவில் நான் வேலை பார்த்த அந்த வீட்டில் காற்றுதான் முதல் எதிரி. வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஜன்னல்களைத் திறக்கக் கூடாது. "காத்து ஊடுருவிச்சுதெண்டா முதல்ல கழுத்துப் பிடிக்கும், பிறகு நெஞ்சு, பிறகு பெட்டிதான்" என்பார் சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா. அவர் பேசியது சிசிலி இத்தாலியன். ஆனால் நாலு வருடம் கேட்டுக் கேட்டு அது என் காதில் எங்கள் தமிழாகவே விழத் தொடங்கியிருந்தது, இப்போது எழுதும்போதும் அப்படித்தான் வருகிறது. காற்றுப் பட்டுச் செத்தவர்கள் என்று அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. நான் வாய்க்குள் சிரித்துக்கொள்வேன்.

எழுபது தாண்டிய விதவை அவர். பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் உயர்ந்த கூரை போட்ட பழைய வீடு. நாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாவிலிருந்து நான் காலையில் நடந்து போய்ச் சமைத்து, துவைத்து, துடைத்துவிட்டு மாலையில் நடந்தே திரும்புவேன். முதல் வருடம் அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் வெங்காயம் வெட்டினால் தடிப்பு, தரை துடைத்தால் ஈரம். பிறகு அவருக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் ஒரு வாரத்துக்குச் சத்தி, ஓயாத வாந்தி. தண்ணீர்கூடத் தங்காது. அவருடைய நெற்றியை ஒரு கையிலும் சட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில் எப்போது அவரைப் பிடித்துப்போனது என்று எனக்கே தெரியாது.

ஒரே மகன். கலியாணம் கட்டாதவர், நாப்போலி போகும் கப்பலில் இயந்திர அறையில் வேலை. மூன்று நாள் கடல், இரண்டு நாள் வீடு. அவர் இல்லாத நாட்களில் நான் அங்கேயே படுப்பேன். ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ மகனிடம், கஞ்சாவை நாலு இழுவை இழுத்தால் சத்தி நிற்கும், பசியும் எடுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கேயோ ஒருவனிடம் கொஞ்சம் வாங்கி வந்தார். வாழ்நாளில் சிகரெட் தொடாத சிஞ்ஞோரா ஒரு கையில் செபமாலையும் மறு கையில் அந்தச் சுருட்டுமாக இழுத்து, இருமி, மகனைத் திட்டினார். அரை மணி நேரம் கழித்து, "மத்தி மீன் போட்ட பாஸ்தா இருக்கோ?" என்று கேட்டார். ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

கஞ்சா விற்ற அந்த ஆளைக் கொஞ்ச நாளில் பொலிஸ் பிடித்துவிட்டது. இனி அப்படிப்பட்ட ஆட்களிடம் போகமாட்டேன் என்று சிஞ்ஞோரா சிலுவையைத் தொடவைத்து மகனிடம் சத்தியம் வாங்கினார். சரி, நானே வளர்க்கிறேன் என்று மகன் இறங்கிவிட்டார். சிஞ்ஞோராவின் படுக்கையறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை. அதற்குள் பெரிய விளக்கு, நாலு பிளாஸ்டிக் வாளி, வாளிக்கொரு செடி. மண் கிடையாது. வேர் தண்ணீரில் தொங்கும், ஒரு சின்ன மோட்டார் இரவு பகலாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்.

"ஆரும் கேட்டா தக்காளி எண்டு சொல்லுங்கோ" என்றார் மகன்.

"தக்காளிக்கு வெக்கமா இருக்கும்" என்றேன்.

அந்தப் பூ முற்றும்வரை சிஞ்ஞோரா தாங்க வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் அது ஒன்றுதான் கணக்கு. என் கணவருக்கு வேறு கவலை. "பொலிஸ் வந்தா அவையள் இஞ்சத்தைய ஆக்கள், தப்பிடுவினம். உன்ரை பெர்மெஸ்ஸோதான் முதல்ல கிழியும்" என்று கத்தினார். அந்த வதிவிடக் கடதாசிக்காக நாங்கள் எத்தனை விடியற்காலைகள் வரிசையில் நின்றிருக்கிறோம். இருந்தும், "போனாப் போகட்டும், அந்த மனிசி ஒரு வாய் தின்னட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு தமிழ்ப் பூசையின்போது பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். பத்துக் கட்டளையில் இது எதற்குள் அடங்கும் என்று பிடிபடவில்லை, விட்டுவிட்டேன்.

செடி அறைச் சுவரில் இரண்டு வட்ட மானிகள் மாட்டியிருந்தன. ஒன்று சூட்டைக் காட்டும், மற்றது காற்றில் இருக்கும் ஈரத்தை. இரண்டிலும் மகன் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். "சூடு கூடினா வாடும், ஈரம் கூடினா அழுகும். ரெண்டையும் சரிக்கட்டுறது காத்துத்தான். எங்கடை எஞ்சின் ரூமும் இப்பிடித்தான். என்ன நடந்தாலும் ஃபானை மட்டும் நிப்பாட்டாதேங்கோ" என்றார். ஒரு மின்விசிறி இலைகளை அசைத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று வெக்கையையும் மணத்தையும் குழாய் வழியாகக் குசினிப் புகைபோக்கிக்குள் தள்ளும்.

சொல்வது சுலபம். விளக்கு எரியும்போது துணி துவைக்கிற மெஷினைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், சட்டி பானையெல்லாம் நிரப்பி வைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே சிஞ்ஞோரா. "கதவுக்குக் கீழாலை காத்து வருது, என்ரை கால் விறைக்குது" என்பார். நான் கதவடியில் துவாயைச் செருகுவேன். உள்ளே ஈர முள் ஏறும். அவர் கண்ணயர்ந்ததும் துவாயை உருவுவேன். செடிக்கும் சிஞ்ஞோராவுக்கும் நடுவே மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினேன்.

கோடை முடிகிற நேரம். பூக்கள் கொழுத்துவிட்டன. "இன்னும் பத்து நாள்" என்று சொல்லிவிட்டு மகன் கப்பலுக்குப் போனார். மறுநாள் ஷிரோக்கோ வந்தது. தெற்கிலிருந்து வரும் அந்த அனல் காற்று அடித்தால் வானம் மஞ்சளாகிவிடும், பல்லில் மண் கடிபடும். சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது, ஈர முள் அடியில் விழுந்தது. இலைகள் பொரித்த அப்பளம் போல ஓரம் சுருண்டன. எங்கள் ஊர் மன்னாரில் வெக்கைக்கு நாங்கள் ஈரச் சாக்குப் போடாத பொருள் இல்லை. அந்தப் புத்திதான் வந்தது. கட்டில் விரிப்புகளை நனைத்து அறைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். முள் மெல்ல ஏறியது, இலைகள் நிமிர்ந்தன. கப்பல்காரருக்கே தெரியாத வித்தை எனக்குத் தெரியும் என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த நாள் காற்றுத் திரும்பியது. கடல் பக்கத்திலிருந்து ஈரமும் குளிரும் வந்தன. சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல் பிடித்து உடம்பு நடுங்கியது. "அந்த ஃபானை நிப்பாட்டு! என்னைக் கொல்லப் போறியோ?" இரண்டு மின்விசிறியையும் நிறுத்தினேன், துவாயைச் செருகினேன். அவர் தூங்கட்டும், பிறகு போடலாம் என்று நினைத்தேன். போடப் போகும்போதெல்லாம் கண் விழித்து என் கையைப் பிடித்தார். அன்று மாலை ஒருமுறை கதவைத் திறந்து பார்த்தேன். ஈர முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே நின்றது. விரிப்புகள் இன்னும் ஈரமாகவே தொங்கின. நான் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. ஒரு நாள்தானே என்று கதவைச் சாத்திவிட்டு வந்து அவருடைய நெற்றிக்கு ஈரத் துணி போட்டேன். அந்த ஒரு நாள் இரண்டு நாளாயிற்று.

மகன் வந்து கதவைத் திறந்தபோது காயாத துணியின் வாடை முகத்தில் அடித்தது. பூக்கள் வெளிக்கு நன்றாகத்தான் இருந்தன, எனக்குப் போன உயிர் திரும்பியது. அவர் ஒரு பூவை எடுத்து விரலால் பிளந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு. "மூஃபா" என்றார். பூஞ்சணம். அந்தச் சொல்லின் தலையிலேயே பூ இருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொன்றாகப் பிளந்தார். நாலு செடியிலும் அதே கதை.

"கழுவிக் காயவைச்சா?"

"இந்தப் புகை நெஞ்சுக்குள்ளை போனா அம்மா தாங்கமாட்டா. உடம்பிலை எதிர்க்கிற சக்தி ஒண்டுமில்லை."

"நான்தான் ஃபானை நிப்பாட்டினனான்."

"அம்மா நிப்பாட்டச் சொல்லியிருப்பா" என்று சொல்லிவிட்டு விரிப்புகளைக் கழற்றி மடித்தார். என் கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். திரும்ப விதை போட்டால் மாதக்கணக்காகும். டாக்டர் அவ்வளவு காலம் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "எப்பிடி இருக்கு, மகன்?"

"நல்லா இருக்கம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

செடிகளைக் கறுப்புப் பையில் கட்டிக் கொண்டுபோனார். மோட்டாரும் மின்விசிறியும் ஓடட்டும், அம்மாவுக்குச் சத்தம் கேட்கட்டும் என்று என்னிடம் சொன்னார். வெறும் வாளிகளுக்குக் குமிழியும் வெறும் அறைக்குக் காற்றும் விட்டுக்கொண்டு நான் காவல் இருந்தேன்.

காய்ச்சல் விட்ட பிறகு சிஞ்ஞோரா ஆளே மாறிவிட்டார். நான் துவாயோடு கதவடிக்குப் போனால் அதட்டுவார். "அதை எடு. பூவுக்குக் காத்து வேணுமாம், எனக்கு ஒண்டும் செய்யாது." சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்கப் பயந்த அந்தக் காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். பூ முற்றும்வரை உயிரோடு இருக்க வேண்டுமென்று சூப்பும் கேட்டு வாங்கத் தொடங்கினார். நிற்காது, உடனே வெளியே வந்துவிடும். ஒவ்வொரு கரண்டியும் என் பொய்யின் மேல் அவர் வைத்த நம்பிக்கை. ஒரு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. நான் கோழை.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் கேட்டார்.

"பூ முத்திட்டுதோ?"

"ஓம் அம்மா. நாளைக்கு வெட்டலாம்."

வாயைத் திறந்தார். ஒரு கரண்டி சூப் ஊட்டினேன். அது நாடி வழியாக வழிந்தது. நான் துடைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் கரண்டியைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தார்.