கழுத்தோரத் திருநீறு

தீவிலுள்ள ஜெலுத்தோங் சந்தையில் வருடக்கணக்காக மீன் செதிள் உரித்தவள் லோகேஸ்வரி. இப்போது பிறை ஆற்றங்கரைத் தொழில் நகரில், கணினிச் சிப்பு செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கம்பெனி பஸ் கடல் பாலத்தைக் கடந்து இறங்கும் ஒவ்வொரு காலையும் ஜன்னலோரம் வாயடைத்துப் போவாள். கோடு கிழித்தாற்போல் சாலைகள். முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகுதான் சேற்று நிலத்தில் எழுப்பிய ஊராம். பக்கத்திலேயே அந்த அகண்ட ஆறு, எதையும் கண்டுகொள்ளாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட அவளை மலைக்க வைத்தது சிப்பு செய்யும் தூய அறையான கிளீன்ரூம். உடம்பு முழுக்க வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. பூ, பவுடர், பொட்டு எதுவும் கூடாது. கண்ணுக்கே தெரியாத தூசி விழுந்தாலும் சிப்பு பாழ்.

தற்காலிகமாகச் சேர்ந்த அவள் வேலை அந்த வாரம் நிரந்தரமாக வேண்டும். அதற்காகவே தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுத்தாள். மறுநாள் நெற்றியைத் துடைத்தவளுக்குக் கழுத்தில் இருந்த திருநீற்றை அழிக்க மனம் வரவில்லை. வேண்டுதல் பலிக்கும்வரை இருக்கட்டும், உடைக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

கருவிக்குத் தெரிந்தது. தூசி எண்ணும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிய, வரிசை முழுவதும் நின்றது. மேற்பார்வையாளர் நூர் ஃபாத்திஹா வந்து, யார் என்ன பூசியிருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். எல்லாரும் ஒரே வெள்ளை. பேசாமல் இருந்தால் தப்பிவிடலாம். ஆனால் லோகேஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்துப் போயிருந்தது. மலைமேல் நிற்பவனுக்கு அடுத்து இப்படி ஒரு கண்ணா? அதன் எதிரே ஒளிய முடியவில்லை. கையைத் தூக்கினாள்.

பக்கத்தில் நின்ற ரூபினி குனிந்து முணுமுணுத்தாள்.

"என்னக்கா, கேட் பாஸ் இல்லாம முருகனையும் உள்ள கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

லோகேஸ்வரி வெளியே போய், மனதுக்குள் மன்னிப்புக் கேட்டபடி கழுத்தைக் கழுவிவிட்டு, புது உடை மாட்டித் திரும்பினாள். விளக்கு பச்சையாகியிருந்தது. வேலை போகாது, ஒத்துக்கொண்டது நல்லது, ஆனால் நிரந்தரம் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்றார் ஃபாத்திஹா. லோகேஸ்வரி தலையசைத்தாள்.

பஸ்ஸில் ரூபினி விடவில்லை. "அடுத்த மாசம் எந்தச் சாமிகிட்ட வேண்டப்போறீங்கக்கா?"

"அதே சாமிதான். வேலைக்கு மட்டும் நல்லாக் குளிச்சிட்டு வருவேன்லா."