முத்து முத்தான கையெழுத்து

என் அப்பா மத்திய அரசு ஆபீஸில் அப்பர் டிவிஷன் கிளார்க். கையெழுத்து அழகாக இருந்தால் படிப்பு வந்துவிட்டது என்று நம்புகிற ரகம். எழுபதுகளில் வடக்கே, தலைநகரில், எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு யார் வந்தாலும் என் நோட்டை எடுத்து நீட்டுவார். "எம் மவ கையெழுத்தப் பாருங்க." ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றும் முத்து முத்தாக இருக்கும். மூன்றில் ஒன்றைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல எழுத்துகளைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாம் வகுப்பில் குட்டு உடைந்தது. பிரின்சிபால் மேடம் என்னை அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் சிவப்பு, வெள்ளைக் கட்டைகளைக் கொட்டி, படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னார். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அடுக்கிவிட்டேன். வார்த்தைகள் எழுதிய அட்டையை நீட்டினார், திருதிருவென்று விழித்தேன். "இவளுக்குப் புத்தி கண்ணில் இருக்கிறது. கேள்வியை யாராவது வாசித்துக் காட்டட்டும், இவள் வரைந்தோ வாயாலோ பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்று அப்பாவிடம் இந்தியில் சொன்னார். என்னை மக்கு என்று சொல்லாத முதல் ஆள் அவர்.

பிரின்சிபால் சம்மதித்தார். அப்பா சம்மதிக்கவில்லை. "பைத்தியக்காரி அப்பன்னு பேரு வாங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று வீட்டில் கத்தினார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

மறுநாள் காலை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, வெள்ளைத் தாளோடு என் முன்னால் வைத்தார்.

"ஏட்டி, பாத்து எழுது. ஒரு எழுத்து பிசகக் கூடாது."

பிசகவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த வருஷம் அவர் என்னை அடிக்காமல் தொட்டது அன்று மட்டும்தான்.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரின்சிபால் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீயே எழுதினாயா?"

"ஜி, மேடம்" என்றேன் பெருமையாக.

அவர் வாசித்துக் காட்டினார். இவ்வளவு அழகாக எழுதுகிற பெண்ணிடம் குறை கண்டுபிடிக்கும் பள்ளி எங்களுக்கு வேண்டாம், டி.சி. கொடுத்துவிடுங்கள் என்று இருந்தது. அதற்குப் பிறகு வாசிக்கத் தெரியாத பெண்ணை எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அவரை நான் மன்னிக்கவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அதைத் திருத்த நான் யாரையும் விட்டதில்லை.