ஐந்தாவது விரல்

நேற்று வாங்கிய அப்பிளில் ஒட்டியிருந்த பச்சை வட்டத்தை நகத்தால் உரித்தபோது, பாலாவி ஊருக்கு அப்பால், இப்போது லொறிகள் நிற்கும் வெளியில் அன்றிருந்த, மன்னாரிலிருந்து வந்த எங்களுடைய அகதி முகாமும், அதன் தென்னங்கிடுகு வேய்ந்த நூலகமும், உப்புக் காற்றில் ஊதிப்போன புத்தகங்களின் முதுகில் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட டீச்சரும் நானும் ஒட்டிய சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களும் நினைவில் திரும்பி வந்தன. சிவப்பு சின்னப் பிள்ளைகளுக்கு, பச்சை நன்றாக வாசிப்பவர்களுக்கு. ஒரு பக்கத்தை வாசிக்கவைத்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுவோம். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் கிடையாது.

பன்னிரண்டு வயதிலும் சிவப்பிலேயே நின்ற என் கூட்டாளி ரிஹானாவை எல்லாரும் பழித்தார்கள். ஒரு நாள் அவள் கேட்டெடுத்த பச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அவளுடைய கை முழுதும் மூடிவிட்டது.

"எத்தின விரல்?" என்றார் டீச்சர், அலுமாரியடியில் நின்றபடி.

"மூணுதான் டீச்சர்" என்றேன். அதை இரக்கம் என்று நினைத்தேன்.

அந்தப் புத்தகத்தோடு போனவள் அதன்பிறகு நூலகத்துக்கு வரவேயில்லை. யுத்தம் முடிந்து, அவளுடைய குடும்பம் மன்னாருக்குத் திரும்பிய காலையில், லொறியில் இருந்தபடியே அந்தப் பச்சைப் புத்தகத்தை நீட்டினாள்.

"வாசிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

முதல் பக்கத்தில் ஐந்து சொற்களுக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அடுத்த பக்கத்தை அவள் பிரித்திருக்கவே இல்லை. நான் பிரிக்கப் பார்த்தேன், கிழிந்தது.