தால்னா என்ற பெயருக்கு ஓர் உரை

ரோமாபுரியில் சுபூரா என்ற ஏழைப் பேட்டைப் பக்கத்துச் சின்னக் குளியல் மண்டபத்துக்குப் போகிறவர்கள், அவிழ்த்த துணியை வாசலறையில் தால்னாவிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சுவர் நெடுக மாடங்கள். எந்த மாடத்தில் யாருடைய மேலங்கி, எவனுடைய செருப்பில் வார் அறுந்திருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பத்தொன்பது வருஷம் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ஓர் இடுப்புக் கயிறுகூடத் தொலைந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. நிலம் கிடையாது, அடிமை கிடையாது. "தால்னாகிட்ட குடுத்தாச்சுன்னா கவலையே இல்ல" என்று நாலு பேர் சொன்னார்களே, அது ஒன்றுதான் அவன் சொத்து.

அவன் மனைவி ரூஃபில்லா அதே மண்டபத்து வாசலில் அவித்த கொண்டைக்கடலை விற்றாள். அவளுக்கு வாய் அதிகம், அவனுக்குக் காது அதிகம். குடித்தனம் ஓடியது.

அங்கே தினமும் குளிக்க வந்தவர்களில் ஒருவர் கவிஞர். விடிந்தால் பணக்காரர் வீட்டு வாசல்களில் போய்க் கும்பிடு போட்டு, மத்தியானம் வந்து குளித்து, சாயங்காலம் அதே பணக்காரர்களைக் கிழித்து அங்கதப் பாட்டு எழுதுவார். ரோமாபுரியில் அதற்கு என்றைக்கும் ஆள் பஞ்சமில்லை. ஒருநாள் இரவல் வாங்கிய கூடத்தில், வாடகை பெஞ்சுகளைப் போட்டுப் புதுப் பாட்டை அரங்கேற்றினார். அதில் ஒரு வரி: 'தால்னாவிடம் உடுப்பைக் கொடு, குளித்துவிட்டு அம்மணமாய் வீடு போ.' கூடம் குலுங்கியது. சிரித்தவர்களுக்கு உண்மையான இலக்கு ஒரு பெரிய மனிதர் என்று தெரியும். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய மனிதரே தொடையைத் தட்டிச் சிரித்தாராம்.

"உன் பேரு பாட்டுல வந்திருக்குடா" என்று கேள்விப்பட்டதும் தால்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. வரியைக் கேட்டபிறகுதான் முகம் செத்துப்போயிற்று. மறுநாள் கவிஞர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது எதிரே போய் நின்றான்.

"என்னய்யா, என்னைத் திருடன்னு பாடிட்டீங்களாமே?"

"உன்னை யாரு சொன்னா? அது அந்தப் பெரிய மனுஷனை. ஆசியா மாகாணத்தை ஆளப் போனவரு, அங்க ஒருத்தன் இடுப்புலயும் துணி விடாம உருவிட்டு வந்தாரே, அவரை."

"அப்போ அவரு பேரையே போட்டிருக்கலாமே?"

"போட்டா நாளைக்கே என்னை ஆளில்லாத தீவுல கொண்டு போய் விட்ருவாங்க. உன் பேரும் அவரு பேரும் ஒரே அளவு. சீர் தட்டாம உக்காருது. கேக்கிறவனுக்கு யாருன்னு புரிஞ்சிரும்."

"எனக்குக் கோவம் வராதாய்யா?"

"வரட்டுமே. உன்னால என்ன பண்ண முடியும் தால்னா?"

இதைக் கெட்ட மனசோடு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "சரி சரி, அடுத்த பிரதி எழுதும்போது மாத்திடறேன்" என்று கழற்றிய சட்டையை அவன் கையிலேயே கொடுத்து, "பத்திரமா வையி" என்று உள்ளே போனார். அந்த இலையுதிர் காலத்துக் காய்ச்சலில் கவிஞர் போய்ச் சேர்ந்தார். பாட்டோ அதற்குள் கால் முளைத்துக் கடல் தாண்டிப் போயிருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? துணியைக் கொடுக்கிறவனெல்லாம் அந்த வரியைச் சொல்லிக் கண்ணடித்தான். முதலில் வேடிக்கைக்கு, பிறகு மாடத்தை இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். ஒருநாள் ஒருத்தன் தன் மேலங்கியைக் காணோம் என்று கத்தினான். தேடுவதற்கு முன்பே வரியைத்தான் எடுத்துவிட்டான். கூடியிருந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். மண்டபத்துக்காரர் அன்றைக்கே தால்னாவை வெளியே அனுப்பினார். மேலங்கி சாயங்காலம் பெஞ்சுக்கு அடியில் கிடைத்தது. அதற்காக யாரும் பாட்டை நிறுத்தவில்லை.

மண்டபத்துக்குக் கீழே நீர் காய்ச்சும் உலையில் விறகு தள்ளுகிற வேலை கிடைத்தது. துணியைத் தொடாத வேலை, முகம் தெரியாத வேலை. மேலே குளிக்கிறவர்களின் சிரிப்பு குழாய் வழியே இறங்கி வரும். எதற்குச் சிரித்தாலும் தன்னைத்தான் என்று நினைப்பான். அப்படியே பதினாறு வருஷம். இதற்கிடையில் பெரிய மனிதர் செத்தார்; புல்லாங்குழல், கூலி அழுகை, வெண்கலச் சிலை, ஒன்றும் குறைவில்லை. அவர் ஆசியாவை உருவியது யாருக்கும் நினைவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

செத்த கவிஞருக்கு மவுசு கூடிப் பாட்டு பாடமாயிற்று. ஹெர்மியாஸ் என்ற கிரேக்க வாத்தியார் கடைத்தெருத் தூண்களுக்கு நடுவே திரை கட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்தப் பாட்டுக்கு வரிக்கு வரி உரை எழுதுகிறார், அதில் வருகிற ஒவ்வொரு பெயருக்கும் விளக்கம் எழுதுகிறார் என்று கடலை வாங்க வந்த யாரோ சொல்ல, ரூஃபில்லா கிளம்பிவிட்டாள்.

"யோவ், போய் சொல்லுய்யா. எழுதறவரு எழுதினா நாளைக்குப் படிக்கிறவனுக்காச்சும் உண்மை தெரியும்ல."

"ஏழை சொல்லு அம்பலம் ஏறுமா?"

"ஏறலைன்னா இறங்கி வா. வாயைத் தைச்சுக்கிட்டா பொறந்தே?"

போனான். பெயரைச் சொன்னதும் வாத்தியார் குதித்து எழுந்தார். "தால்னாவா! நீ இன்னும் உசுரோடவா இருக்கே! கவிஞரு சட்டையைத் தொட்ட கையா இது?" தனக்கு முன்னால் யாரோ எழுதிய பழைய உரை ஏட்டைப் புரட்டினார். 'தால்னா: ஒரு திருடன்' என்று மட்டும் இருந்தது. கவிஞர் என்ன நிறத்தில் மேலங்கி போட்டார், எந்தக் கால் வலி என்றெல்லாம் கேட்டார். தால்னா ஒன்று விடாமல் சொன்னான். பதினாறு வருஷத்தில் அவனை உட்காரவைத்துக் கேட்ட முதல் ஆள். பாவி, நம்பிவிட்டான்.

"நான் ஒண்ணும் திருடலைய்யா. அதை எழுதணும்."

"நீ நல்லவன்னா அந்த வரியில என்னப்பா சிரிப்பு இருக்கு? பசங்க கேப்பாங்களே."

"அது பெரிய மனுஷனைச் சொன்னதுய்யா. பாடினவரே எங்கிட்ட சொன்னாரு."

"எழுதி வச்சாரா?"

"இல்லய்யா. சட்டையைக் கழட்டிக்கிட்டே சொன்னாரு."

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பெரிய மனுஷனோட பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரு இங்கதான் படிக்கிறாங்க. அதை விடு. உன்னை வேலையை விட்டு அனுப்பினாங்களா இல்லையா?"

"அனுப்பினாங்க."

"எதுக்கு?"

"மேலங்கி காணோம்னு. ஆனா அது சாயந்தரமே..."

வாத்தியார் ஏற்கெனவே குனிந்து எழுத ஆரம்பித்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஓர் எழுத்துக்கூடச் சொந்தமாகச் சேர்க்காதவர். கவிஞர் பாடியிருக்கிறார், ஆள் ஒப்புக்கொள்கிறான், வேறென்ன வேண்டும்? முடித்ததும் தால்னா வாசிக்கச் சொன்னான். நிதானமாக வாசித்தார்.

'தால்னா: சுபூராவில் குளியல் மண்டபத்துத் துணி காத்தவன், பேர்போன திருடன். மேலங்கி திருடியதற்காக விரட்டப்பட்டான். கவிஞர் அவனை நேரில் அறிவார். முதுமையில், பழியை அழிக்கும்படி இவ்வுரையாசிரியரிடமே வந்து கெஞ்சினான்.'

"நான் வந்ததையும் எழுதிட்டீங்களே."

"எழுதாம? அதானே சிறப்பு. இத்தனை பேருல நேர்ல வந்த ஆளு நீ ஒருத்தன்தான்."

வீட்டுக்கு வந்தவனை ரூஃபில்லா கேட்டாள்: "எழுதினாராய்யா?"

"எழுதினாரு."

என்ன எழுதினார் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அந்தக் குளிர்காலம் தாண்டவில்லை அவன். உலை முன்னாலேயே சுருண்டு விழுந்தான். சாவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டான். "கல்லுல என் பேரு வேண்டாம். ரோட்டுல போறவன் சத்தமாப் படிப்பான். படிச்சா சிரிப்பான்."

அவள் அப்படியே செய்தாள். ஊருக்கு வெளியே சாலையோரம் அந்தக் கல் இருக்கிறது. கடலை விற்ற காசில் வெட்டிய கல், எழுத்துகள் கோணல். போகிறவர்கள் நின்று படிப்பார்கள்: 'ரூஃபில்லாவின் கணவன் இங்கே இருக்கிறான். யாருடைய துணியையும் எடுத்ததில்லை.' யாரென்று தெரியாமல் தாண்டிப் போவார்கள்.