கல்லாவுக்குப் பின்னால் ஒரு ரோஜா

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கு கம்ப்யூட்டர் திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து ஒரு ரோஜாவின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் டச்சப்காரர். போட்டோ ஸ்டூடியோவில் அது சாப்பாட்டு வேளை. டிபன் டப்பா திறந்தபடி ஆறிக்கொண்டிருந்தது. மனிதருக்கு அந்த நினைப்பே இல்லை.

அடுத்தவர் முகத்தில் பருவை அழிப்பது, வழுக்கையில் நாலு முடி நடுவது, கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பது, இதெல்லாம் பிழைப்பு. பூ மட்டும்தான் அவருடைய சொந்த ஆசை. அதிலும் நிறத்தை உருவிக் கறுப்பு வெள்ளையாக்கினால்தான் திருப்தி. "கலர் இருந்தா கண்ணு அங்கயே நின்னுடுது. எடுத்துட்டுப் பாருங்க, அப்பதான் மடிப்பு தெரியும், நரம்பு தெரியும்" என்பார். முகத்தில் ஒரு மச்சத்தையும் விட்டுவைக்காதவர், இதழில் பூச்சி கடித்த ஓட்டையைத் தொடமாட்டார். கேட்டால், "பூ வந்து சண்ட போடாதுல்ல" என்று சிரிப்பார்.

வீட்டில்தான் வம்பு. மனைவி பூக்கடைக்காரி, நிறத்தை விற்றுச் சாப்பிடுகிறவள். கட்டியவரோ அதை வழித்துப் போடுகிறவர். நல்ல பொருத்தம் போங்கள். இத்தனை வருஷத்தில் அவருடைய படம் ஒன்றைக்கூட அவள் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. "என்னங்க, யாராவது போயிட்டாங்களா?" என்பதோடு சரி. கடையில் கூடமாட நிற்கும் மைத்துனன் வேறு, "மாமா, பூவுக்கு ரத்த சோகையா?" என்று ஒத்து ஊதுவான். சிரித்து மழுப்புவார். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்யும்.

அவள் கடையைப் பெரிய இடத்துக்கு மாற்றியிருந்தாள். கல்லாவுக்குப் பின்னால் வெறும் சுவர். அதில் தன் படம் தொங்க வேண்டுமென்று அவருக்குக் கொள்ளை ஆசை.

முதலில் கொண்டுபோன படம் சொதப்பல். சிவப்பும் பச்சையும் கலரில்தான் எதிரும் புதிரும். நிறத்தை எடுத்துவிட்டால் ஒரே சாம்பலாய் ஒட்டிக்கொள்ளும். இது தெரிந்த மனிதரே, அவசரத்தில் ஒரே தட்டில் மொத்த நிறத்தையும் உருவிவிட்டார். "இதுல பூ எது, இல எது? கீரக்கட்டு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கறேன். இல்லன்னா சுவத்துல கலர் காலண்டர்தான்."

அதனால்தான் அன்று சோறு தண்ணீர் மறந்த வேலை. சிவப்பை மட்டும் மெல்ல ஏற்றினார், இதழ் வெளுத்தது. பச்சையை இறக்கினார், இலைகள் இருட்டுக்குள் போயின. ரோஜா தனியே எழுந்து நின்றது, இதழ்மேல் தேங்கிய ஒரு சொட்டுத் தண்ணீரோடு.

சாயங்காலம் பெரிய பிரிண்ட்டாகப் போட்டுக் கொண்டுபோய்க் கடை மேசைமேல் விரித்தார். பூங்கொத்து கட்டிக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லில் கடித்தபடி திரும்பினாள். பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"தண்ணி நின்னா இதழ் அழுகிடும்னு எத்தன தடவடா சொல்றது" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே, காகிதத்து ரோஜாவின் மேலிருந்த துளியை விரல் நுனியால் தட்டிவிட்டாள்.