பின் அட்டையில் இருந்த பாரியார்

எனக்குப் பொறாமைக் குணம் கிடையாது என்று ஓய்வுபெறும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். மேல் மாடிக்கு அவள் குடிவந்த பிறகுதான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது. அவளும் என்னைப்போல ஓய்வுபெற்ற ஆசிரியை. என்னைவிட இரண்டு வயது இளையவள். வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் எனக்கு எத்தனையோ வருடம் பிந்திச் சேர்ந்தவள். சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, நான் பேசி முடித்தால் எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதனால்தான் ஆண்டுக் கூட்டத்தில் பேசும் வாய்ப்பை நானே கேட்டு வாங்கினேன். பழைய செய்தி வார இதழ்களில் மனைவி என்ற சொல் யாருக்கு எப்படி மாறியது என்பதுதான் விஷயம். நூலகத்தில் பைண்ட் செய்து வைத்த தொகுதிகளை ஒரு வருடமாகத் தும்மித் தும்மிப் புரட்டினேன். மந்திரி வெளிநாடு போனால் கூடப் போவது பாரியார். கந்தோரில் எழுதும் கிளாக்கர் விபத்தில் சிக்கினால் அழுவது மனைவி. கோர்ட்டுக்கு இழுபட்ட கூலியாளுக்கு இருப்பதோ வெறும் பெண்சாதி. மூன்றும் ஒரே பக்கத்தில் அகப்பட்ட அன்று மேசையில் தட்டிச் சிரித்தேன்.

கூட்டத்துக்கு மூன்று கிழமை இருக்க, அவள் படியிறங்கி வந்தாள். கையில் ஒரு பழுப்புத் தாள்.

"கிராண்ட்பாஸில பழைய பேப்பர் கடையில கிடைச்சது அக்கா. நீங்கள் பாக்கிற பத்திரிகையின்ட பின் அட்டை. பாருங்கோ, ஹாபரில மூட்டை தூக்கினவற்ற மனுசியையும் பாரியார் எண்டு போட்டிருக்கு."

அது ஒரு மரண அறிவித்தல். கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் அன்புப் பாரியார் கடந்த வியாழக்கிழமை காலமானார். பைண்ட் செய்யும்போது அட்டைகளைக் கழற்றி எறிவது அந்த நூலகத்தின் வழக்கம். அட்டையோடு மரண அறிவித்தல்களும் போய்விட்டன. பத்திரிகைக்காரர் எழுதியதை மட்டும் பார்த்த நான், செத்தவரின் வீட்டார் தாங்களே எழுதிக் கொடுத்ததைப் பார்க்கவேயில்லை. என் ஒரு வருட உழைப்பை ஒற்றைத் தாளால் கவிழ்த்துவிட்டாள்.

"முன் அட்டை இல்லை, அதால திகதி தெரியேல்ல. உங்களுக்கு அந்தத் தொகுதியெல்லாம் தண்ணி பட்ட பாடுதானே. பிடிச்சுத் தருவீங்களா?"

தாளைத் திருப்பினேன். உட்பக்கத்தில் ஒரு தொடர்கதையின் கடைசி வரிகள், 'வாசலில் நின்றது அவன் அல்ல' என்று தொடங்கின. தொகுதியில் 'அவள் கதவைத் திறந்தபோது' என்று அறுந்து நின்ற இதழ் உடனே ஞாபகம் வந்தது. அதன் உள் பக்கத்தில் அச்சிட்டிருந்த திகதி என் குறிப்புப் புத்தகத்திலேயே இருந்தது.

"முன் அட்டை இல்லாமல் திகதி பிடிக்க ஏலாது," என்றேன்.

"சரி அக்கா," என்று தாளை மடிக்காமல் பக்குவமாக ஏந்திக்கொண்டு போனாள்.

அவள் எந்த நிமிடமும் எழுந்து அதை நீட்டுவாள் என்ற பயத்திலேயே கூட்டத்தில் பேசி முடித்தேன். அவள் முன் வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டினாள். அந்தப் பெருந்தன்மைகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. வீடு திரும்பும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் நீர் அந்தத் தாளைக் காட்டேல்ல?"

"அது என்ட அம்மா, அக்கா. சபையில காட்ட மனம் வரேல்ல. அப்ப எனக்கு ரெண்டு வயசு. அப்பாவும் நாளைச் சொல்லாமலே போயிட்டார். பத்திரமெல்லாம் கலவரத்தில எரிஞ்சு போச்சு. திதி தெரியாததால, தாயில்லாத எல்லாரும் பிடிக்கிற சித்திராப் பௌர்ணமிக்கு மட்டும்தான் அம்மாவுக்கு விரதம் பிடிக்கிறனான்."

மறுநாள் காலை குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, இதழ்த் திகதிக்கு முந்திய வியாழக்கிழமையைக் கணக்குப் பார்த்து, ஒரு துண்டில் எழுதி மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அங்கேயே கோயில் ஐயருக்குப் போன் எடுத்தாள். அவர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும்வரை நின்றுகொண்டே கேட்டாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷத் திதி போன செவ்வாய்க்கிழமை போயிட்டுதாம். இனி அடுத்த வருஷம்தான்."

நான் படிப்பக்கம் திரும்பினேன்.

"அதுக்கென்ன அக்கா, நீங்கள் தேடித் தந்ததே பெரிய காரியம்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

"நேற்றுத்தான்," என்றேன்.